ஓணானுக்கு வார் தைத்தேன், தம்பி காட்டுக்குள் ஓடினான்

1

என் தம்பியைக் காட்டுக்குள் ஓடவைத்தது நீங்கள்தான். அஞ்செட்டிப் பக்கத்துச் செய்திகளை யூடியூபிலும் வாட்ஸ்அப்பிலும் போட்டுப் பிழைப்பு நடத்தும் ஐயா, உங்களைத்தான் சொல்கிறேன். உங்கள் பக்கத்தின் பெயரை இங்கே எழுத மாட்டேன். என் எழுத்தைப் படித்துவிட்டு இன்னும் நாலு பேர் அங்கே போய்ப் பார்க்க வேண்டாம். நான் யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

மற்ற வாசகர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். நான் அஞ்செட்டிக்கு அருகே, கர்நாடக எல்லைக் காட்டோரம், நாட்றாம்பாளையத்தை ஒட்டிய ஒரு சிற்றூரில் பிறந்தவள். ஓசூரில் கார்களுக்கு சீட் பெல்ட் தைக்கிற கம்பெனியில் லைனில் நின்று வேலை பார்த்தவள். கல்யாணமாகி, கணவருக்கு இங்கே வேலை கிடைத்து, ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு சின்ன ஊருக்கு வந்து சேர்ந்தேன். இப்போது ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. இந்தப் பக்கத்தில் வழக்கமாகக் குளிர், ரொட்டி, ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காத பேருந்து என்று எதையாவது எழுதுவேன். இந்த முறை அதெல்லாம் வராது. பயத்தில் இருக்கிறேன். போன் அடித்தால் பாதி சீவிய உருளைக்கிழங்கைப் போட்டுவிட்டு எடுக்க ஓடுகிறேன்.

2

எல்லாம் ஒரு ஓணானால் வந்தது.

என் மகள் தாரணிக்குப் பதின்மூன்று வயது. அவளுடைய வகுப்பில் பூனை இருக்கிறது, நாய் இருக்கிறது, முயல் இருக்கிறது. இவள் மட்டும் வளர்ப்புப் பிராணிகள் கடைக்குப் போய்க் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு வெளிச்சத்தில் சப்பையாகப் படுத்திருந்த ஒரு ஓணானைக் காட்டி, இதுதான் வேண்டும் என்றாள். ஆஸ்திரேலியா வகை. நம் ஊர் ஓணானைவிடப் பெரியது, முழங்கை நீளம் வரும். கழுத்துக்குக் கீழே முள் முள்ளாகத் தோல் தொங்கும். கோபம் வந்தால் அது கறுத்து உப்பி, தாடி வைத்தது போல ஆகும். அதைப் பார்த்ததும் நான் இரண்டடி பின்னால் போனேன். ஊரில் வேலியோரம் ஓணானைப் பார்த்து வளர்ந்தவள்தான் நான். ஆனால் வேலியில் இருக்கிற ஓணான் வேறு, வீட்டுக் கூடத்தில் இருந்துகொண்டு என்னையே உற்றுப் பார்க்கிற ஓணான் வேறு.

"பயப்படாதீங்கம்மா, அது கடிக்காது" என்றாள். தாரணி என்னை நீங்க, வாங்க என்றுதான் கூப்பிடுவாள். மரியாதைக்கு அல்ல. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், அதற்கு மேல் அவளுக்குத் தமிழ் வராது.

ராகிக் களி நிறத்தில் இருந்ததால் அதற்கு ராகி என்று பேர் வைத்தேன். நான் வைத்த பேர் அவளுக்குப் பிடித்துப்போனது. அந்த வீட்டில் நான் சொல்லி அவள் ஏற்றுக்கொண்ட ஒரே விஷயம் அதுதான்.

கோடை வந்ததும் ராகிக்கு நேரடி வெயில் வேண்டும், வெளியே நடக்கவிட வேண்டும் என்றாள். கடையில் ஒரு வார் வாங்கினோம். முன்னங்கால்கள் இரண்டையும் நுழைத்து, மார்பைச் சுற்றிக் கட்டி, முதுகில் ஒரு கயிறு. கூடவே வௌவால் இறக்கை மாதிரி இரண்டு தோல் சிறகும் வைத்திருந்தார்கள், அழகுக்காம். முதல் நாளே பூங்காவில் ஒரு நாய் குரைத்தது. ராகி உடம்பைச் சுருக்கி வாரிலிருந்து உருவிக்கொண்டு ஓடியது. அதை ஒரு புதருக்கு அடியிலிருந்து எடுப்பதற்குள் தாரணி அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. கூட்டம் கூடிவிட்டது. எனக்கு அவமானம் ஒரு பக்கம், யாராவது போலீசைக் கூப்பிட்டுவிடுவார்களோ என்ற பயம் ஒரு பக்கம்.

"நானே தைக்கிறேன்" என்றேன்.

3

தைக்கத் தெரியும். அதுதான் என் தொழிலாக இருந்தது. சீட் பெல்ட்டின் முனையை மடித்து, பெட்டி போல நாலு பக்கமும் தைத்து, நடுவில் குறுக்கும் நெடுக்குமாகப் பெருக்கல் குறி போடுவோம். இழுத்தால் பட்டை அறுந்தாலும் அறும், தையல் விடாது. பழைய கைப்பையின் மெல்லிய தோலை வெட்டினேன். உள்பக்கம் உரசாமல் இருக்கப் பருத்திப் புடவைத் துணி வைத்தேன். நூலால் ராகியின் மார்பை அளந்து பட்டையைத் தைத்து மாட்டினால், தொளதொளவென்று தொங்கியது. மறுபடி அளந்தேன், தைத்தேன். மறுபடியும் தொளதொள.

அப்போதுதான் மாதேஷைக் கூப்பிட்டேன். மாதேஷ் என் தம்பி. ஊரில் எங்கள் நிலத்தையும் மாடுகளையும் அவன்தான் பார்க்கிறான். தெருவில் காளைகளை ஓடவிடுகிற எருது விடும் விழாவுக்கென்றே ஒரு காளையை வளர்க்கிறான். பட்டை கட்டுவது, கயிறு பிடிப்பது, அலங்காரம் செய்வது எல்லாம் அவனுக்கு அத்துப்படி. எனக்குத் தையல் தெரியும், பிராணியைக் கட்டத் தெரியாது. அவனுக்குக் கட்டத் தெரியும். தாரணி போனைப் பிடித்துக்கொண்டு திரையில் வருவது எல்லாவற்றையும் பதிவு செய்தாள்.

"என்னாக்கா இது, உடும்பு வளக்கறியா?"

"உடும்பு இல்லடா. ஓணான் வக. கடையில வாங்குனது."

"ஓணானுக்குக் காசா? மாமா ஒண்ணும் சொல்லலயா?"

"மாமாதான் வாங்கிக் குடுத்தாரு."

"அப்ப செரி. வெயிலே இல்லாத ஊரு, ரெண்டு பேருக்கும் மூள குளுந்து போச்சு."

தாரணி விலையைச் சொன்னாள். மாதேஷ் போனைக் கீழே போட்டுவிட்டு மறுபடி எடுத்தான்.

"எம்மா! இந்த வெலைக்கு நானு கன்னுக்குட்டி வாங்கிடுவன். இங்க கல்லுக்குக் கல்லு ஒண்ணு ஒக்காந்துனு தலய ஆட்டுது. பத்து புடிச்சி அனுப்பட்டுமாக்கா? நீ வித்துக் குடு. ஆளுக்குப் பாதி."

"அனுப்புடா. கவுறு நான் தெச்சு வெக்கறன்."

மூன்று பேரும் சிரித்தோம். தாரணிக்குப் பாதிதான் புரிந்திருக்கும், ஆனாலும் சிரித்தாள்.

பிறகு அவன் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "நீ அளக்கறப்ப அது பயந்துனு உப்பிக்குது பாரு. எங்க எருதுக்கும் பட்ட கட்டப் போனா அதே வேலதான். கொஞ்சம் சும்மா வுடு. பயம் போவட்டும். அப்பறம் அள." அதுபோலவே செய்தேன். ராகியைப் பால்கனியில் வெயில்படும் இடத்தில் கோணிச் சாக்கின் மேல் விட்டு, அது கண்ணை மூடி உடம்பைத் தளர்த்தும் வரை காத்திருந்து அளந்தேன். முக்கால் விரல் வித்தியாசம். "கழுத்துல கவுறு வராம பாத்துக்கோ. கால் இடுக்குல உன் சுண்டு வெரலு போவணும். ம், இப்ப இழுத்துக் கட்டு. வாலப் புடி, வால! வுட்டா ஓடிரும்!"

கட்டினேன். உருவவில்லை. முதுகுப் பட்டையின் மேல் பழைய பட்டுப் புடவையின் கரையை வெட்டித் தைத்தேன், எருதுக்குப் போடுவது மாதிரி. ராகி பால்கனியில் கோணிச் சாக்கின் மேல் தலையைத் தூக்கி நின்றது. அந்தச் சாக்கு நான் செடி வைப்பதற்காக வாங்கி வைத்தது. அதுவும் பின்னால் வினையானது.

தாரணி வீடியோவை மாதேஷுக்கு அனுப்பினாள். அவன் அதைத் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்து, கீழே எழுதினான்: "எங்கக்கா ஊட்டு எருது. இந்த வருசம் ஜெர்மனில வுடறாங்க."

4

புது வாரோடு பூங்காவுக்குப் போனோம். ராகி புல்லில் நாலு அடி நடக்கும், நிற்கும், வானத்தைப் பார்க்கும். தாரணி பின்னால் கயிற்றைத் தளரப் பிடித்துக்கொண்டு நடப்பாள். நான் பெஞ்சில் இருந்தேன். நகராட்சி ஒழுங்குத் துறையைச் சேர்ந்த இருவர் நீலச் சீருடையில் எங்களை நோக்கி வந்தார்கள்.

உடனே எழுந்து நின்றுவிட்டேன். ஏன் எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. கை தானாகத் துப்பட்டாவைச் சரிசெய்தது. அந்தப் பெண் அதிகாரி ஏதோ கேட்டார். இது கடையில் வாங்கியது என்று சொல்ல நினைத்து, பதற்றத்தில் இது திருடியது என்று சொல்லிவிட்டேன். இந்த மொழியில் அந்த இரண்டு சொல்லும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். எத்தனை வருஷம் ஆனாலும் சீருடையைப் பார்த்தால் என் வாயில் தப்பான சொல்தான் வருகிறது.

தாரணி சிரித்துவிட்டாள். அந்த அம்மாளும் சிரித்துவிட்டார். தரையில் குந்தி, வாரைத் தொட்டுப் பார்த்து, எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார். அம்மா தைத்தது என்றாள் தாரணி, நேராகக் கண்ணைப் பார்த்து. அவ்வளவுதான். போய்விட்டார்கள்.

நான் மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தேன். "ஏம்மா நின்னீங்க? அவங்க ராகிய பாக்கத்தான வந்தாங்க" என்று கேட்டாள். இவள் வேறு ஜாதி மனுஷி என்று அன்றைக்குத் தோன்றியது. என் வயிற்றில் பிறந்தவள்தான், ஆனால் என் பயம் அவளுக்கு ஒட்டவில்லை. சந்தோஷப்பட வேண்டியதுதான். சந்தோஷமாக இல்லை. தனியாக இருப்பது போல இருந்தது.

5

ஒரு வாரம் கழித்து, மதியம் பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தபோது சிவம்மா கூப்பிட்டாள். சிவம்மா மாதேஷின் மனைவி. அவள் மூச்சு வாங்குவதுதான் முதலில் கேட்டது.

"அக்கா, ஜீப்பு வந்துச்சுக்கா."

"யாரு ஜீப்பு?"

"ஃபாரஸ்ட்டு. வண்டி நின்ன சத்தம் கேட்டதும் அவுரு செருப்புகூடப் போடல. பின்னால கொல்லப் பக்கமா எறங்கி ஓடிட்டாரு. நானு கூப்புடக் கூப்புடத் திரும்பல. காட்டுக்குள்ள பூந்துட்டாருக்கா. ஆனைங்க ரெண்டு நாளா அந்தப் பக்கம்தான் சுத்திங்கீது."

"எதுக்கு வந்தாங்களாம்?"

"உடும்புங்கறாங்க. வெளிநாட்டுக்கு உடும்பு அனுப்பறீங்களா, உங்க நாத்தனா அங்க இருந்துனு விக்கறாங்களான்னு கேக்கறாங்க. எனக்கு ஒண்ணும் புரியலக்கா."

எனக்கும் புரியவில்லை, அவள் உங்கள் வீடியோவை அனுப்பும் வரை.

நீங்கள் செய்ததை நீங்களே மறந்திருப்பீர்கள், நினைவுபடுத்துகிறேன். என் தம்பியின் ஸ்டேட்டஸிலிருந்து எங்கள் வீடியோவை எடுத்தீர்கள். அதன் தொடக்கத்தில் என் மகள் ஜெர்மன் மொழியில், இது ராகி, எங்கள் வீட்டுப் பால்கனி என்று சொல்கிறாள். அதை வெட்டினீர்கள். பால்கனிக் கம்பியும் எதிர்வீட்டு ஓட்டுக் கூரையும் தெரியும் இடத்தை வெட்டினீர்கள். கோணிச் சாக்கையும், ஓணானையும், அதைக் கட்டுகிற என் கறுப்புக் கையையும் மட்டும் விட்டீர்கள். "பத்து புடிச்சி அனுப்பட்டுமா", "நீ வித்துக் குடு", "வாலப் புடி, வுட்டா ஓடிரும்" என்ற மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டினீர்கள். சிவப்பு வட்டம் போட்டீர்கள். பேய்ப் படத்துக்குப் போடுகிற இசையைப் போட்டீர்கள். மேலே, "அஞ்செட்டி காட்டு உடும்புகள் வெளிநாட்டுக்குக் கடத்தல்?"

உடும்பைப் பிடித்தால் ஜெயில் என்று எங்கள் பக்கத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். ஊரே அந்தக் குரலைக் கேட்டது. மாதேஷ் குரல் என்று ஊரே சொன்னது. ஊர் பொய் சொல்லவில்லை. அது அவன் குரல்தான்.

6

ஓடினானே, அதைச் சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள், தப்புச் செய்யாதவன் ஏன் ஓடினான் என்று.

காட்டோரத்து ஊர்களில் ஜீப் சத்தம் கேட்டால் ஆம்பிளைகள் முதலில் ஓடுவார்கள், பிறகுதான் எதற்கு வந்தது என்று விசாரிப்பார்கள். விறகு வெட்டியவனும் ஓடுவான், வெட்டாதவனும் ஓடுவான். எங்களுக்கு அது மழை வந்தால் கூரைக்குள் ஒதுங்குவது மாதிரி. ஓடினால்தான் சந்தேகம் வரும் என்பது ஓடி முடித்த பிறகு தோன்றுகிற யோசனை.

மாதேஷுக்கு இன்னொன்றும் உண்டு. நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்த காலத்தில் சந்தனக் கடத்தல்காரனைப் பிடிக்கக் காடெல்லாம் தேடுதல் நடந்தது. மாடு மேய்க்கப் போன எங்கள் அப்பாவை ஒரு நாள் காக்கிச் சட்டைக்காரர்கள் பயப்பட ஒன்றுமில்லை, விசாரித்துவிட்டு அனுப்புகிறோம் என்று சொல்லிக் கூட்டிப் போனார்கள். அனுப்பினார்கள். ஆனால் அதற்குப் பிறகு அப்பா கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டதை நாங்கள் பார்க்கவில்லை. என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை. அவர் நின்றபடியேதான் சாப்பிடுவார், அம்மா பரிமாறுவாள். மாதேஷ் பக்கத்தில் நின்று தண்ணீர்ச் சொம்பைப் பிடித்திருப்பான். பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே அவன் கற்றுக்கொண்டது அதுதான்: அவர்கள் கேட்க வந்தால் நிற்கக் கூடாது.

இதை நான் தாரணியிடம் சொல்லவில்லை. எந்த மொழியில் சொல்வது?

7

வனத்துறை அலுவலகத்துக்கு நானே போன் போட்டேன். வனவர் பேசினார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"மேடம், புகார் மாதிரி வீடியோ வந்தா நாங்க போய்க் கேக்கத்தான் வேணும். கேக்கப் போனா உங்க தம்பி ஓடறாரு. நாங்க என்ன நெனைக்கறது?"

வீடியோ கால் போட்டு ராகியைத் தூக்கி அவர் முகத்துக்கு நேராகக் காட்டினேன். ராகி அவரைப் பார்த்து தாடியைக் கறுப்பாக்கியது.

"இது உடும்பே இல்லயே" என்றார். பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். இருவரும் சிரித்தார்கள். "பட்டுக்கர எல்லாம் கட்டியிருக்கீங்க! சரி மேடம், எங்களுக்குப் புரிஞ்சிடுச்சு. தம்பிய நேர்ல வந்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவச் சொல்லுங்க. பயப்பட ஒண்ணுமில்ல."

பயப்பட ஒன்றுமில்லை என்பதைத்தான் அப்பாவிடமும் சொன்னார்கள். ஆனாலும் இந்த மனிதரை நம்புகிறேன். இன்னும் உறுதிக்காக இங்கே பிராணி மருத்துவரிடம் போய், இது இந்த நாட்டில்தான் முட்டையிலிருந்து பொரிந்தது என்று எழுதித் தாருங்கள் என்றேன். வரவேற்பில் இருந்தவர் எதற்கு என்றார். என் தம்பிக்கு என்றேன். தம்பிக்கு என்ன நோய் என்றார். முன்பதிவு செய்துவிட்டு வாருங்கள் என்றார். எழுதி வாங்கி அனுப்பினேன். வனவர் அதெல்லாம் தேவையில்லை மேடம் என்றார். ஆக, அரசாங்கத்துக்கு இந்த விஷயம் முடிந்துவிட்டது.

முடியாதது உங்களிடம்தான். உங்கள் எண்ணுக்கு எழுதினேன். பிறகு குரல் பதிவு அனுப்பினீர்கள். அதை எத்தனையோ முறை கேட்டுவிட்டேன், மனப்பாடமே ஆகிவிட்டது.

"அக்கா வணக்கம்ங்க. நாங்க கடத்தல்னு சொல்லவே இல்லீங்க. கேள்விக்குறி போட்டுத்தான போட்டிருக்கோம்? மக்களே முடிவு பண்ணட்டும்னு வுட்டுட்டோம். நீங்க சொன்னதுக்காக வீடியோவ எடுத்துட்டோம்ங்க. மறுப்பெல்லாம் போட்டா சேனல் பேரு கெட்டுடும், புரிஞ்சிக்கோங்க."

என் குடும்பத்தின் பேரைக் கெடுக்க ஒரு கேள்விக்குறி போதும். உங்கள் சேனலின் பேர் மட்டும் அவ்வளவு மெல்லிசா?

நீங்கள் பக்கத்திலிருந்து எடுத்துவிட்ட வீடியோ ஓசூர், சூளகிரி, ராயக்கோட்டை என்று ஒவ்வொரு குழுவாகச் சுற்றுகிறது. என் பழைய கம்பெனித் தோழி ஒருத்தி, "இது உன் தம்பியா?" என்று எனக்கே அனுப்பினாள். இன்னொன்றும் சொல்கிறேன், இதைக் கேட்டு உங்களுக்குத் தூக்கம் வருகிறதா என்று பாருங்கள். சிவம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது பைக்கில் இரண்டு பேர் வந்தார்கள். ஊர்க்காரர்கள் இல்லை.

"உடும்பு இருக்குதாமே? மூட்டு வலிக்கு எண்ணெ காச்சணும். ரெண்டு இருந்தாப் போதும்."

"அப்டி ஒண்ணும் இங்க கெடையாது. போங்க."

"வெளிநாட்டுக்குத்தான் குடுப்பீங்களா? நாங்களும் காசுதான தர்றம்?"

கதவைச் சாத்திக்கொண்டு எனக்குப் போன் செய்தாள். அவர்கள் போகாமல் வாசலில் பேசிக்கொண்டு நிற்பது போனில் எனக்குக் கேட்டது. நான் ஜெர்மனியில் இருந்து என்ன செய்ய முடியும்? "பேசிட்டே இரு, போன வெக்காத" என்று மட்டும் சொன்னேன். அவர்கள் நாளைக்கும் வரலாம். அதை வனத்துறை பார்த்தால் வனவரின் மனசும் மாறலாம். உங்கள் கேள்விக்குறி இன்னும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.

8

மாதேஷ் உயிரோடு இருக்கிறான். தெரியாத எண்ணிலிருந்து கூப்பிட்டான். முதலில் யாரோ கன்னடத்தில் பேசி, பிறகு அவனிடம் போனைக் கொடுத்தார்.

"அக்கா, அழாத. நல்லாத்தான் கீறன்."

உரிகம் பக்கத்துக் காட்டு வழியாக நடந்து கர்நாடகத்துக்குள் போய்விட்டான். வழியில் குட்டையோரம் யானைகள் நின்றிருக்கின்றன. காற்று அவன் பக்கமிருந்து அவற்றை நோக்கி அடித்ததால், ஒரு பாறையின் மேல் ஏறி, அவை போகும் வரை அசையாமல் படுத்துக் கிடந்திருக்கிறான். வெறுங்காலில் முள் ஏறி வீங்கியிருக்கிறதாம். இப்போது ஒரு பட்டுப்புழுக் கொட்டகையில் மல்பெரி இலை வெட்டிப் போடுகிறான். அங்கே வேறு பேர் சொல்லியிருக்கிறான்.

"வனவர் வரச் சொன்னாருடா. ஒண்ணுமில்லன்னு சொன்னாரு. நான் ராகியக் காட்டிட்டன்."

"கூப்புடறப்ப அப்டித்தான்கா சொல்லுவாங்கோ."

"ஆனைக்குப் பக்கத்துல போயிப் படுத்தியே, அதுக்குப் பயமில்லையா?"

"ஆனைக்கு வழி வுட்டா அது பாட்டுக்குப் போயிடும். ஜீப்பு அப்டிப் போவாது."

"சிவம்மா தனியா இருக்கறா. ராகி வெதைக்கற நேரம். மாட்டுக்கு யாரு?"

பின்னால் யாரோ இலை கேட்டுக் கத்துவது கேட்டது. பிறகு சொன்னான்: "இந்த ஓனரு போன்ல தெனமும் அந்தச் சேனல் பாக்கறன்கா. அதுல ஒண்ணும் மாத்திச் சொல்லல. ஊருல எல்லாம் அதத்தான பாக்கறாங்கோ? அதுல பொய்யின்னு சொல்லட்டும், அடுத்த பஸ்ஸுக்கு வந்துடறன். நீ சொல்றது, வனவரு சொல்றது, ஒண்ணும் எனக்கு ஏறல."

தாரணி பக்கத்தில் இருந்து கேட்டாள். போனை வைத்ததும், "மாமா ஒண்ணும் பண்ணல. பண்ணலன்னா நின்னு பேசணும். ஏன் ஓடணும்?" என்றாள்.

கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. அவள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெகு நேரம் கழித்து வெளியே வந்து போனை நீட்டினாள். ராகியை வாரோடு மடியில் வைத்துக்கொண்டு, நாலைந்து முறை திணறி, தமிழில் பேசிப் பதிவு செய்திருந்தாள். "வணக்கம். இது ராகி. ராகி ஜெர்மனியில் பிறந்துச்சு. இத எங்க அம்மா கட்டினாங்க. மாதேஷ் மாமா ஜோக் சொன்னாரு. மாமா நல்லவங்க. மாமா வீட்டுக்கு வாங்க." சனிக்கிழமை வகுப்பு மரியாதை எல்லாம் அதில் இருந்தது. இரண்டு மூன்று இடத்தில் தப்பும் இருந்தது. நான் திருத்தவில்லை.

அதை அன்றைக்கே உங்களுக்கு அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. பார்த்துவிட்டீர்கள். போடவில்லை.

9

ஆகவே உங்களைப் பொதுவில் கேட்கிறேன். எனக்குத் தனியாகக் குரல் பதிவு அனுப்பாதீர்கள், அக்கா என்று கூப்பிடாதீர்கள். உங்கள் பக்கத்தில், உங்கள் முகத்தைக் காட்டி, உங்கள் பேரைச் சொல்லிப் பதில் சொல்லுங்கள்.

அந்த வீடியோ அஞ்செட்டியில் எடுத்தது என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? என் மகள் பேசியதை ஏன் வெட்டினீர்கள்? போடுவதற்கு முன்னால் மாதேஷுக்கு ஒரு போன் போட்டீர்களா? அவன் எண் உங்களிடம் இருந்தது. ஸ்டேட்டஸ் பார்க்க எண் வேண்டும்.

பதில் இல்லையென்றால், தெரியாமல் போட்டேன் என்று சொல்லுங்கள். அது உடும்பு இல்லை, அந்தப் பால்கனி எங்கள் மாவட்டத்தில் இல்லை, அந்த ஆள் கடத்தல்காரன் இல்லை என்று சொல்லுங்கள். கேள்விக்குறி போடாமல் சொல்லுங்கள். அதற்குக் கீழே தாரணியின் பதிவை வெட்டாமல் போடுங்கள். பேய் இசை வேண்டாம்.

வனவருக்கும் எனக்கும் விளக்கி ஆகப்போவது ஒன்றுமில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு புழுக் கொட்டகையில், வீங்கின காலோடு, இன்னொருவர் போனை இரவல் வாங்கி, ஒருவன் தினமும் உங்கள் பக்கத்தைத் திறந்து திறந்து பார்க்கிறான். அவனுக்குச் சொல்லுங்கள். இன்றைக்கே சொல்லுங்கள்.